என்ஜின் ஆஃப், பத்து நிமிடம்

மகளே, போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நீ என்னிடம் ஒன்று கேட்டாய்.

"அப்பா, அன்னைக்கு முக்குல வச்சு எங்களப் பாத்தீங்களா, பாக்கலியா? இப்பமாவது சொல்லுங்க."

"விடுக்கா, எந்த காலத்துக் கத" என்று உன் தம்பி சிரித்தான். அம்மை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பால் விடாத கட்டன் சாயா வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

எனக்கு வாயால் சொல்ல வராது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன்தான் என்றாலும், எழுதுகிற பழக்கம் வண்டியில் வைத்து வந்தது. அது எப்படி வந்தது என்று சொன்னாலே உன் கேள்விக்கும் பதில் வந்துவிடும். தம்பிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

நான் அப்போது ஓட்டியது ஆசிட் டேங்கர். தூத்துக்குடியில் கந்தக அமிலம் ஏற்றி, திருநெல்வேலி, நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போய், அதற்கும் வடக்கே ஒரு கம்பெனியில் இறக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நடை. போகும்போது பாரம், வரும்போது காலி. ஆசிட் ஊற்றிய டாங்கியில் வேறு எதையும் ஏற்ற முடியாது.

அந்த டாங்கியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "என்ன ஓய், பாதி டாங்கிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீரா?" பெரிய லாரிமேல் சின்ன டாங்கி உட்கார்ந்திருக்கும். ஆசிட் தண்ணீரைப் போல இரண்டு பங்கு கனம். பெரிய டாங்கி நிறைய ஊற்றினால் அச்சு முறிந்துபோகும். அதை ஆயிரம் பேருக்கு விளக்கியிருப்பேன். என்னிடம் மனிதர்கள் பேசிய பேச்சில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

மற்றபடி யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். மண்டை ஓடும் எலும்பும் வரைந்த வண்டி அல்லவா. உதயன்குளங்கரைக்கு இப்புறம் ஒரு சாயாக்கடை உண்டு. கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் வண்டியைக் கண்டதும் கையை வீசுவார்.

"மக்கா, தள்ளிக் கொண்டு நிறுத்து. அங்ஙன, அந்தப் புளிய மரத்துக்க அப்புறம். நீ வராண்டாம், நான் சாயா கொண்டு வச்சுத் தாறேன்."

"என்ன அண்ணாச்சி, எனக்கு என்ன, தொட்டா ஒட்டுற பகர்ச்ச வியாதியா?"

"உனக்கு இல்ல, உனக்க சட்டைக்கு ஆக்கும் வியாதி. நீ உக்காந்தா பெஞ்சுல ஓட்ட விழும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் பாதி தூரம் நடந்து வந்து மைல் கல்லின்மேல் கிளாசை வைத்துவிட்டுப் போவார். நான் மீதிப் பாதி நடந்து போய் எடுத்துக் குடிப்பேன். சட்டை விஷயம் பொய்யில்லை. கண்ணுக்குத் தெரியாத துளி பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைக்கும்போதுதான் தெரியும். அம்மை என் சட்டையை உதறி வெயிலில் பிடித்துக் காட்டி, "சல்லடையாக்கும் இது, மாவு அரிக்கலாம்" என்பாள்.

கிளீனராக வந்தவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டார். இன்னொருவருக்குக் கல்யாணம் பேசினார்கள், பெண் வீட்டார் வேலையைக் கேட்டுப் பயந்தார்கள். கடைசியில் நான் தனியாகவே ஓட்டினேன். என்னோடு பேசிக்கொண்டிருந்தது என்ஜின் மட்டும்தான்.

அந்த என்ஜினை நாங்கள் அணைக்கவே மாட்டோம். அது எங்கள் எட்டு வண்டிக்காரர்களுக்கும் வழக்கம். பாட்டரி எல்லாம் பழசு, செல்ஃப் எடுக்காது. மற்ற லாரி என்றால் நாலு பேர் ஓடி வந்து தள்ளிவிடுவார்கள். ஆசிட் வண்டியை யார் தள்ளுவார்கள்? அதனால் காலையில் ஏற்றும் இடத்தில் தட்டினால், இறக்கும் இடம் வரைக்கும் உறுமிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போதும் உறுமும், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் உள்ள செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போதும் உறுமும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

பாறசாலை தாண்டி, கொல்லயிலுக்குத் திரும்பும் முக்கிலிருந்து நம் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும். வாரத்தில் இரண்டு தடவை போகவும் இரண்டு தடவை வரவும் அந்த முக்கைக் கடப்பேன். வீட்டுக்கு வருவதோ மாதத்தில் இரண்டு ஞாயிறு. அந்த ஞாயிறும் பாதி தூக்கத்தில் போய்விடும். நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கல்யாண வீட்டுக்கு வந்த விருந்துக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பீர்கள். ஒரு நாள் காலி வண்டியோடு திரும்பி வரும்போது என் கை தானாக ஸ்டியரிங் வளையத்தை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையும் திருப்பினேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். கால்வாய்க் கரையில் வண்டியை ஓட விட்டபடி நிறுத்துவேன். கால்வாயில் கையும் காலும் முகமும் கழுவி, சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு நடந்து வருவேன். பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் வந்திருப்பீர்கள். அம்மை அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு தொலித்துவிட்டு அஞ்சு மணிக்குத்தான் வருவாள். அந்த நேரம் நம் மூன்று பேருக்கு மட்டும் உள்ள நேரம். நீ வாய்ப்பாடு சொல்லிக் காட்டுவாய். தம்பி என் முதுகில் ஏறுவான். தூரத்தில் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீங்கள் முற்றத்துக்கு ஓடி வருவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது இரைச்சல். உங்களுக்கு அது அப்பா.

காலி டாங்கி என்றாலும் அடியில் ஆசிட் மிச்சம் இருக்கும். ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கும்போது வால்விலிருந்து சொட்டி, கரையில் ஒரு சாண் அளவுக்குப் புல் கருகிக் கிடந்தது. வண்டியில் வைத்திருக்கும் சுண்ணாம்பைத் தூவி மண்ணைப் போட்டு மூடினேன். அந்தப் புல்லின் வழியாகத்தான் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவீர்கள். அதைத் தெரிந்துகொண்டும் அடுத்த நடையும் திரும்பினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மையிடம்கூட.

தொண்ணூறுகளின் பாதி கழிந்த பிறகு, ஆசிட் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு மேடம் எங்கள் தூத்துக்குடி ஷெட்டுக்கு வந்தார். எஞ்சினீயர், மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கம்பெனியின் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்களாம். சரக்கு செய்து முடிப்பதற்குள் எவ்வளவு புகை காற்றில் போகிறது, அதில் லாரியின் பங்கு எவ்வளவு? அதைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்?

எட்டு பேருக்கும் ஆளுக்கொரு தடித்த நோட்டு கொடுத்தார். கிலோமீட்டர், டீசல் லிட்டர், எத்தனை டன் பாரம், காலியாக எத்தனை கிலோமீட்டர், நின்ற இடத்தில் என்ஜின் ஓடியது எத்தனை மணி நேரம், எங்கே, ஏன். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு நகல் தாள். மேல் தாள் கம்பெனிக்கு, கீழ்த்தாள் எங்களுக்கு.

"புகைய தராசுல வச்சு நிறுக்கப் போறாவளாம் வே" என்றார் ஒரு மூத்த டிரைவர். "மேடம், பீடிப் புகையும் எழுதணுமா?"

"எழுதிக்கோ சேட்டா, அதுக்குத் தனிக் கட்டம் போட்டுத் தரேன்" என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிறகு அவர் ஒரு வேலை செய்து காட்டினார். ஒரு வண்டியின் டீசல் டாங்கியை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டார். அணைத்த பிறகு அளவு கேனில் மறுபடி விளிம்பு வரை ஊற்றினார். ஒன்றரை லிட்டர் பிடித்தது. "ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ரெண்டரைக் கிலோவுக்கு மேல கரியமில வாயு. அப்போ இது நாலு கிலோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "மேடம், ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட கனம் இல்லியே. அதுல எப்படி ரெண்டரைக் கிலோ புக வரும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல கேள்வி. டீசல் தனியா எரியாது சேட்டா. காத்துல உள்ளதும் அதோட போய்ச் சேரும். ரெண்டும் சேர்ந்த கனம்தான் அது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா போனது போனதுதான். திரும்பப் பிடிச்சு டாங்கில அடைக்க முடியாது."

"நாலு கிலோன்னா ஒரு ஆட்டுக்குட்டி ஆக்கும்" என்றார் மூத்தவர். இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. அன்று முதல் புகைக்குழாயைப் பார்த்தால் கனம் தெரியும். சாலையில் தனியாகப் போகும்போது மனக்கணக்காகப் போடுவேன், இந்த ஏற்றத்துக்கு எத்தனை கிலோ, இந்த வரிசைக்கு எத்தனை கிலோ என்று. பேச ஆளில்லாதவனுக்கு அது ஒரு துணையாக இருந்தது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நல்ல வேலை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கொல்லயில் திருப்பத்தை நோட்டில் எங்கே எழுதுவது? ஆசிட் வண்டியை ஊருக்குள் கொண்டுபோனது தெரிந்தால் வேலை போகும். எழுதாமல் விட்டால் கிலோமீட்டரும் டீசலும் ஒத்துப்போகாது. அதனால் அந்த எட்டுக் கிலோமீட்டரை ரோடு வேலைக்காகச் சுற்றிப் போனது என்று எழுதினேன். கால்வாய்க் கரையில் நின்ற நேரத்தையெல்லாம் அந்த நடையின் செக்போஸ்ட் நேரத்தோடு சேர்த்து எழுதினேன். செக்போஸ்டில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? சாட்சியில்லாத இடம் அது ஒன்றுதான்.

இப்படி மாதங்கள் போயின. மேடம் எங்கள் நோட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்தார். புதுப் பாட்டரி வாங்க வைத்தார். டயர்க் காற்று, இன்ஜெக்டர், எல்லாம். நின்றால் அணைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மற்ற வண்டிகளில் ஒரு டன்னுக்குச் செலவாகும் டீசல் குறைந்துகொண்டே வந்தது. என் வண்டி மட்டும் பெரிதாகக் குறையவில்லை. இரண்டு தடவை என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை. வீட்டுக்கு வரும்போது மட்டும் நான் அதை அணைக்காமல் வைத்திருந்தேன். சத்தம் கேட்காவிட்டால் நீங்கள் முற்றத்துக்கு வர மாட்டீர்களே.

ஒரு நாள் ஷெட்டில் மேடம் எங்களைக் கூட்டி நிறுத்திச் சொன்னார். "உங்க நோட்டு எல்லாம் பார்த்தாச்சு. பாறசாலை வழியில செக்போஸ்ட்ல போற நேரம் ரொம்ப அதிகம். அணைச்சு வச்சாலும் வரிசை நகர நகர வண்டிய எடுக்கணும், அதுக்கு டீசல் போகும். செங்கோட்டை வழியா ஆரியங்காவு ஏறிப் போனா மலைக்கு டீசல் கூடும், ஆனா இந்தக் காத்திருப்பு இல்ல. கணக்குல அதுதான் லாபம். அடுத்த மாசம் தொட்டு எல்லா வண்டியும் அந்த வழி. அதுக்கு முன்ன ஒரு தடவை நானே வண்டியில வந்து பார்க்கணும்." என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுலதான் செக்போஸ்ட் நேரம் எல்லாத்துலயும் கூடுதல். அப்போ இந்தச் சேட்டன் வண்டியில வரேன்."

என் கையால் நான் எழுதிய பொய் என்னை நம் வீட்டு முக்கிலிருந்து மலைக்கு அப்புறம் தூக்கிப் போடப் போகிறது என்று அப்போதுதான் விளங்கியது. மற்றவர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். "மேடத்துக்குச் சீட்ட துடைச்சு வையும் வே, ஓட்ட விழுந்த சட்டைய போட்டுட்டு வந்துராதியும்." எனக்குக் காதில் எதுவும் விழவில்லை.

அந்த வார ஞாயிறு வீட்டில் அம்மையிடம் மட்டும் சொன்னேன். "இந்த நடை மேடம் வண்டியில உண்டு. நான் உள்ள வர மாட்டேன். இனி இந்த வழியே வருவேனோ என்னவோ தெரியாது." பாரம் ஏற்றிக்கொண்டு எந்த நாள் எத்தனை மணிக்கு முக்கைக் கடப்பேன் என்று மட்டும் கேட்டாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் நிறுத்துக் கடிகாரம். அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்து அவ்வளவு நாளாகியிருந்ததால் எனக்கு ஒரு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாறசாலை கடந்து இறக்கத்தில் வரும்போது, தூரத்திலேயே முக்கில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்தேன்.

நீ பள்ளிக்கூட உடுப்பில் இருந்தாய். இடப்பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அலுமினியத் தூக்குப் பாத்திரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாய். தம்பி சிலுவை நிற்கும் குருசடிப் படியில் ஏறி நின்றான், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அம்மை அவன் தோளைப் பிடித்திருந்தாள். அண்டியாபீஸில் அரை நாள் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் தெரிந்தது. நீ பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாய்.

என் கால் பிரேக்குக்குப் போனது. பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் யார் என்று கேட்பார். சொன்னால், இவ்வளவு பக்கத்திலா உன் வீடு, எட்டுக் கிலோமீட்டர் எங்கே போனது என்று அவருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நான் காலை எடுத்துவிட்டேன். கையைக்கூட அசைக்கவில்லை. நேரே சாலையைப் பார்த்து ஓட்டினேன். கண்ணாடியில் நீ வண்டிக்குப் பின்னால் ஓடி வருவது தெரிந்தது. பத்துப் பதினைந்து எட்டு வைத்து ஓடினாய். பிறகு நின்றுவிட்டாய்.

"அந்தக் குட்டிகள் கை காட்டுதே சேட்டா. தெரிஞ்ச பிள்ளைகளா?"

"இல்ல மேடம். லாரியக் கண்டா பிள்ளைகள் எல்லாம் கை காட்டும்."

ஆமாம் மகளே, அப்படித்தான் சொன்னேன். நான் உன் கேள்விக்கு இத்தனை வருடம் பதில் சொல்லாததற்கு அதுதான் காரணம். பார்த்தேன் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. பார்த்துவிட்டு என்ன சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும்.

செக்போஸ்ட் வரிசையில் போய் நின்றோம். என்ஜினை அணைத்தேன். மேடம் கடிகாரத்தைத் தட்டினார். நல்ல வெயில். முன்னால் உப்பு லாரி, அதற்கு முன்னால் சிமெண்ட். நான் இரண்டு கையையும் வளையத்தில் வைத்தபடியே இருந்தேன். என் முறை வந்து, தாளில் முத்திரை வாங்கி, வண்டிக்கு வந்தபோது மேடம் கடிகாரத்தை நிறுத்தினார்.

"ஐம்பது நிமிஷம்" என்றார். "உங்க நோட்டுல ஒரு நடைக்கு ரெண்டரை மணி நேரத்துக்குக் குறைஞ்சு ஒரு நாள்கூட இல்லையே. இன்னைக்குக் கூட்டம் குறைவா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்படித்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மேடம், அந்தப் பிள்ளைகள் எனக்க பிள்ளைகளாக்கும்."

அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பிள்ளைகள்?"

"முக்குல கை காட்டினது. கூட நின்னது எனக்க வீட்டுக்காரி."

வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாய்க் கரை, எட்டுக் கிலோமீட்டர், அணைக்காத என்ஜின், கருகிய புல். புல்லைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"ஆசிட் வண்டியையா வீட்டுப் பக்கத்துல நிறுத்தி வச்சது? அதும் சொந்தப் பிள்ளைகள் நடக்கற வழியில?"

"ஆமா மேடம்."

"எத்தனை தடவை?"

"எல்லா நடையும்."

அவர் நோட்டைத் திறந்து என் செக்போஸ்ட் நேரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கணக்கை மறுபடி போட்டார். பேனா மட்டும் ஓடுகிற சத்தம். நான் வெளியே இறங்கி நின்றேன். கடைசியில் கூப்பிட்டார்.

"உங்க நேரத்தை எடுத்துட்டா, மலை வழிதான் டீசல் கூடுதல் குடிக்கும். நான் எட்டு வண்டியையும் தப்பான வழியில விட்டிருப்பேன். எத்தனை டீசல் வீணாப் போயிருக்கும், தெரியுமா? கணக்கு நேரா இல்லேன்னா இந்த வேலையே ஒண்ணுக்கும் கொள்ளாது சேட்டா."

ஷெட்டுக்குப் போனதும் மற்றவர்களையும் அவர் விசாரித்தார். எல்லோருக்கும் செக்போஸ்ட்தான் புகலிடமாக இருந்திருக்கிறது. ஒருவர் தூக்கத்தை அங்கே எழுதியிருந்தார். மூத்தவர் மார்த்தாண்டத்தில் மாமனார் வீட்டில் சாப்பிட்ட மீன்குழம்பையெல்லாம் அங்கே எழுதியிருந்தார். "செக்போஸ்ட்டுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்" என்றார் மேடம். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். வழி மாறவில்லை. பாறசாலை வழியே நிலைத்தது.

என் வேலையும் போகவில்லை. ஆனால் இனி நெடுஞ்சாலையை விட்டு ஒரு அடிகூடத் திரும்ப மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். கொடுத்த பிறகு அவர் ஒன்று சொன்னார். "ஓய்வுக்குப் பத்து நிமிஷம் நிறுத்தலாம்னு சட்டத்துல சேர்க்கப் போறேன். வீடும் கடையும் இல்லாத வெளியிடமா இருக்கணும், என்ஜின் ஆஃப். உங்க வழியில அப்படி இடம் உண்டா?"

முக்குக்குத் தெற்கே அரைக் கிலோமீட்டரில் செங்கல் சூளை மைதானம் உண்டு என்றேன். வேறு இடமும் இருந்தது. முக்குக்குப் பக்கத்தில் உள்ள சூளையைத்தான் சொன்னேன். அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த நடையில் திரும்பும்போது அங்கே நிறுத்தினேன். அம்மை தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, எட்ட நின்றாள். நான் இறங்கிப் போனேன்.

"மூத்தவ எங்க?"

"அவ வர மாட்டாளாம். அப்பா பாத்துட்டும் பாக்காம போனாருன்னு சொல்லுதா. நான் எவ்வளவோ சொல்லியாச்சு, மேடம் வண்டில இருந்தாவ, அதனாலயாக்கும்னு. கேக்கணுமே."

"நான் ஞாயித்துக்கிழம வந்து சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கவில்லை. நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

அம்மைக்கு அண்டியாபீஸில் ஒவ்வொரு தடவையும் அரை நாள் விட முடியாது. நான் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை, அந்த நாளில் நம் வீட்டில் ஏது போன்? தம்பியைக் கூட்டிக்கொண்டு பிறகு இரண்டு மூன்று தடவைதான் வந்திருப்பாள். மற்ற நாளெல்லாம் நான் தனியே நிறுத்தி, தனியே எடுத்துப் போனேன். என்ஜினை அணைத்தால் என்னென்னவோ கேட்கும். சூளையில் பெண்கள் செங்கல்லைக் கைமாற்றி அடுக்கும் சத்தம், ரயில் போகிற சத்தம், மாலையில் கோயில் மணி. அத்தனை வருடம் என் என்ஜினுக்கு அடியில் இதெல்லாம் மறைந்து கிடந்திருக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். கொல்லயில் பக்கத்திலிருந்து யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்ப்பேன். பத்து நிமிடம் முடிந்ததும் சாவியைத் திருப்புவேன். புதுப் பாட்டரி ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

அந்த வண்டியை விடும் வரைக்கும் நோட்டை நேராகவே எழுதினேன். எட்டு வண்டியில் ஒரு டன்னுக்கு மிகக் குறைந்த டீசல் என் வண்டிக்கு என்று ஒரு வருடம் வந்தது. மேடம் எல்லோர் முன்னிலும் சொன்னார். நான் அதை உங்களிடம் சொல்ல நினைத்தேன். அந்த ஞாயிறு நீ பள்ளிக்கூடத்தில் ஏதோ போட்டிக்குப் போயிருந்தாய்.

நகல் தாள்கள் எல்லாம் தகரப் பெட்டியில் இருக்கின்றன, கட்டிலுக்கு அடியில். மங்கிப் போனாலும் படிக்கலாம். காலியாகத் திரும்பிய ஒவ்வொரு நடையிலும் குறிப்புக் கட்டத்தில் ஒரே வரிதான் இருக்கும்: "சூளை மைதானம். என்ஜின் ஆஃப். 10 நிமிடம்." அடுத்த தடவை வரும்போது எடுத்துப் பார். எண்ண வேண்டாம், சும்மா புரட்டினால் போதும்.

மேலே தனியாக மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அன்றைய தாள். செக்போஸ்ட் ஓரத்தில் வைத்து, "இன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்க சேட்டா" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். மடியில் வைத்து எழுதியது, எழுத்து கோணலாக இருக்கும். காத்திருப்பு ஐம்பது நிமிடம் என்று முதல் வரி. அதற்குக் கீழே:

"கொல்லயில் முக்கில் என் மனைவியும் மக்கள் இருவரும் நின்றார்கள். பார்த்தேன். நிறுத்தவில்லை."